ஏழு பட்டை மெடல்

“அண்ணி, மெடல் கிடைச்சாச்சு. ஆனா கிடைக்கலை.”

வேனின் ஸ்டியரிங் மேல் ஏலப் பட்டியலை விரித்து வைத்தபடி கொழுந்தன் சொன்னான். பக்கத்து இருக்கையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை.

“ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க தம்பி.”

“எண்பத்தெட்டாம் அயிட்டம், நீங்களே படிங்க. ஆபீசுக்கு ஒரு பழைய நாற்காலி எடுக்கலாம்னு இந்தப் பட்டியலைப் புரட்டினேன். நாற்காலி வரலை, கேஸ் வந்து உக்காந்துடுச்சு.”

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ‘பழைய பள்ளிப் பரிசு மெடல். வெள்ளி. ஏழு பட்டைகள் கோத்தது. பின்புறம் எண் 41. கீழ் ஓரத்தில் ஆணித் துளை ஒன்று அடைக்கப்பட்டுள்ளது.’

“ஏழு பட்டை சரி, நாப்பத்தொண்ணும் சரி,” என்றான் கொழுந்தன். “ஆனா ஓட்டை? ‘ஒரு கீறல்கூட கிடையாது’ன்னு பல் டாக்டர் நெஞ்சுல கையை வெச்சுச் சொன்னாரே. அப்போ இது வேற மெடல். வேற மெடல்னா அதே நம்பர் எப்படி வந்துச்சு? எனக்குத் தலை சுத்துது.”

“வண்டி ஓட்டும்போது சுத்தாம இருந்தா சரி. ஏலம் எங்கே?”

“இதோ, எதிர்ல. எண்பத்தஞ்சு வரைக்கும் காலையிலயே முடிஞ்சுது, மிச்சம் மூணு மணிக்கு. இப்போ மணி ரெண்டு.”

அண்ணி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கொழுந்தன் சாவியை உருவிக்கொண்டு பின்னால் ஓடினான்.

‘அண்ணி’ என்பது அவர் பெயர் அல்ல. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர். எரிந்த கடையின் சாம்பலை முகர்ந்தே, பற்றிக்கொண்டதா பற்றவைத்ததா என்று சொல்லிவிடுவார் என்று கம்பெனியில் பேச்சு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். பதினைந்து வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டிய கணவரின் தம்பி, வேனோடு வந்து உதவியாளராகச் சேர்ந்துகொண்டான். வந்த நாள் முதல் வாடிக்கையாளர் எதிரிலும் அவன் ‘அண்ணி, அண்ணி’ என்றதில், ஊருக்கே அவர் அண்ணி ஆகிப்போனார். போன மாதம் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், அண்ணியைவிட ஏழு வயது மூத்தவர், போனில் ‘அண்ணி இருக்காங்களா?’ என்று கேட்டார்.

இந்தக் கேஸ் அவர்களிடம் வந்தது செவ்வாய்க்கிழமை. வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டரின் மனைவி. அந்தப் பல் டாக்டருக்கு வெள்ளி மெடல்கள் என்றால் உயிர். அதுவும் போர்க்கள மெடல், அரசாங்க மெடல் எதுவும் வேண்டாம். பழைய பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த பரிசு மெடல்கள் மட்டும். கையெழுத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, தையலுக்கு, நீச்சலுக்கு, நல்லொழுக்கத்துக்கு. முந்நூற்றுச் சொச்சம் மெடல்கள், நீல வெல்வெட் விரித்த தட்டுகளில், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்னக் குறிப்பு அட்டையோடு. அவற்றில் ராஜா, ஏழு பட்டை மெடல். போன ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தபோது, தட்டில் அந்த இடம் காலியாக இருந்தது.

“அந்த ரூமுக்கு அன்னைக்கு யார் போனாங்க?” என்று வீட்டில் கேள்வி வந்தது.

“மாப்பிள்ளைதான் பல்பு மாட்டப் போனார்,” என்று டாக்டரின் மனைவி யோசிக்காமல் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ‘இதையெல்லாம் உருக்கினா ஒரு குடம் பண்ணலாம் மாமா’ என்று முன்பு எப்போதோ கேலி பேசியவர். எல்லோரும் டாக்டர் முகத்தைப் பார்த்தார்கள். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். மகள் கையில் எடுத்த சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, கணவனை எழுப்பிக்கொண்டு கிளம்பியவள், அதற்குப் பிறகு போனைக்கூட எடுக்கவில்லை.

“என் வாய்தாம்மா எமன்,” என்று டாக்டரின் மனைவி அழுதார். “மெடல் போனா போகட்டும். அதை யார் எடுத்தாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. எம் பொண்ணு வீட்டுக்கு வரணும்.”

அன்று மாலையே அண்ணியும் கொழுந்தனும் அந்த வீட்டுக்குப் போனார்கள். டாக்டர் வேண்டா வெறுப்பாகத்தான் பேசினார். ‘போலீஸ் வேண்டாம், துப்பறியறவங்களும் வேண்டாம்’ என்று ஆரம்பித்தவர், மெடலைப் பற்றிக் கேட்டதும் தன்னை மறந்துவிட்டார். எண்பது வருஷத்துப் பழசு. முகப்பில் இலத்தீனில் பொறித்திருக்கும் வாசகத்துக்கு ‘ஒரு நாளும் தவறவில்லை’ என்று பொருள். பள்ளிக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாத பிள்ளைக்கு முழு வருகைப் பரிசு. வருஷத்துக்கு ஒரு பட்டை சேர்த்துக் கோப்பார்கள். இரண்டு பட்டை நிறையக் கிடைக்கும், மூன்று அபூர்வம். ஏழு பட்டை இருப்பதாக யாருக்கும் தெரிந்து இது ஒன்றுதான். பெயர் போட மாட்டார்கள். பின்புறம் பிள்ளையின் பதிவு எண் மட்டும்.

“கடைசியா எப்போ பாத்தீங்க?” என்று அண்ணி கேட்டிருந்தார்.

“சனிக்கிழமை சாயங்காலம். கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் வெச்சேன்.”

ஏல மண்டபத்தின் வாசலில் மர வாடையும் பாலிஷ் வாடையும் சேர்ந்து அடித்தன. உள்ளே அலமாரிகள், சுவர்க்கடிகாரங்கள், கால் உடைந்த மேஜைகள், எல்லாவற்றிலும் நூலில் கட்டிய எண் சீட்டுகள். ஏலக்காரர் ஒரு பியானோவின் மேல் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“எண்பத்தெட்டா? காலையிலேருந்து அதுக்குத்தான் கூட்டம்,” என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். “மெடல் சேக்குற சங்கத்துக்காரங்க அஞ்சு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க. நமக்குக் கடிகாரம், கட்டில்தான் தெரியும். இதெல்லாம் புதுசு.”

மெடல் ஒரு பெரிய நாணயம் அளவு இருந்தது. மேலே ஏழு வெள்ளிப் பட்டைகள், ஏணிப் படிகள் மாதிரி ஒன்றன் கீழ் ஒன்று. பாலிஷ் போடாமல் காலம் பூசிய சாம்பல் நிறம். அண்ணி லென்ஸை வாங்கிக் கீழ் ஓரத்தை நிதானமாகப் பார்த்தார். திருப்பி 41ஐப் பார்த்தார். மறுபடியும் ஓரத்தைப் பார்த்தார்.

“ஓட்டை எங்கேங்க?”

“கண்ணுக்குத் தெரியாதும்மா. எனக்கே தெரியலை. கொண்டு வந்தவர்தான் விரலை வெச்சுக் காட்டினார். ‘யாரோ சுவத்துல ஆணி வெச்சு அடிச்சிருக்காங்க, அப்புறம் அடைச்சிருக்கு, அதைக் கண்டிப்பாப் பட்டியல்ல போடுங்க, வாங்குறவங்களை ஏமாத்தக்கூடாது’ன்னு சொன்னார். இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷன்!”

அண்ணி லென்ஸைக் கீழே வைத்தார். கொழுந்தனுக்கு அந்த முகம் தெரியும். அண்ணன் ‘ஆபீஸ்லேருந்து நேரா வர்றேன்’ என்று சொல்லும்போது வரும் முகம்.

“திருடின பொருளைச் சொத்தைன்னு சொல்லி விக்கிற திருடனைப் பாத்திருக்கீங்களா தம்பி?”

“அரசியல்லகூட இல்லை அண்ணி.”

“அந்த நல்ல மனுஷர் இப்போ எங்கே இருக்கார்?” என்று அண்ணி ஏலக்காரரிடம் கேட்டார்.

“பின் ரூம்ல. விலை போனதும் கையெழுத்துப் போடணுமில்ல.”

பின் அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, அறுபது தாண்டிய ஒரு மனிதர் முதுகு நேராக உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை. விரல் நுனிகளில் கழுவியும் போகாத ஒரு ரோஜா நிறம். அண்ணி மெடல் வாங்க வந்தவர் போல வணக்கம் சொல்லி எதிரில் உட்கார்ந்தார். கொழுந்தன் பெட்டி ஒன்றின் மேல் ஏறிக்கொண்டான்.

“ஏலத்துல கேக்கலாம்னு இருக்கோம். அது யாரோடதுன்னு தெரிஞ்சா மனசுக்கு நிறைவா இருக்கும்,” என்றார் அண்ணி.

“எங்க அத்தையோடதும்மா. அப்பாவோட அக்கா.” மனப்பாடம் செய்த குரல். “ரொம்பப் படிப்பு. ஏழு வருஷமும் வகுப்புல முதல் மார்க். அதுக்குத்தான் ஏழு பட்டை.”

“அடேயப்பா. உடம்பு நல்லா இருந்திருக்கும் போல.”

“எங்கேம்மா!” அவருக்கு இப்போது கதை பிடித்துக்கொண்டது. “நாலாங்கிளாசுல அம்மை போட்டு ரெண்டு மாசம் படுத்த படுக்கை. பள்ளிக்கூடம் பக்கமே போகலை. அப்புறம் போய்ப் பரீட்சை எழுதி, அப்பவும் முதல் மார்க்னா பாத்துக்கோங்க.”

பேசும்போது அவர் அண்ணியின் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார். இடையில் ஒருமுறை கொழுந்தன் பக்கம் திரும்பியவர், அவன் கொட்டாவியை மூடுவதற்குள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார்.

“தம்பி, மேல் வரிசை, இடது கடைவாய். அந்தப் பல்லுக்கு மூடி சரியா உக்காரலை. ராத்திரி பல்லைக் கடிப்பீங்களோ?”

“அது எங்க வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் சார்,” என்றான் கொழுந்தன். அப்புறம் பெட்டியிலிருந்து இறங்கி வந்து அவர் எதிரில் குந்தினான். “நான் பதினஞ்சு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டினவன். லீவு போடுற பிள்ளைங்களைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும். வயித்துவலி வெள்ளிக்கிழமை வரும். பரீட்சை அன்னைக்குப் பாட்டி சாவாங்க. ஒரு பாட்டி ஏழு தடவை செத்தாங்க. ஆனா ரெண்டு மாசம் அம்மையில படுத்த பிள்ளைக்கு, ஒரு நாள்கூட லீவு போடலைன்னு மெடல் குடுத்த பள்ளிக்கூடத்தை நான் பாத்ததில்ல.”

அந்த மனிதர் விழித்தார். “லீவா?”

“அது முதல் மார்க் மெடல் இல்லீங்க,” என்றார் அண்ணி மெதுவாக. “முழு வருகை மெடல். முன்னால இலத்தீன்ல எழுதியிருக்கு. நீங்க பல்செட் செய்யறவர்தானே? விரல்ல இருக்கிற ரோஜா நிறம் ஈறு செய்யற கலவை. எந்த டாக்டர்கிட்ட வேலை பாத்தீங்கன்னு நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?”

மனிதரின் முதுகு வளைந்தது. “முப்பது வருஷம் அவர்கிட்டதாம்மா.”

“முப்பது வருஷம் அவர் பக்கத்துல இருந்துட்டு, அது என்ன மெடல்னு தெரியாதா? எங்களுக்கே அரை மணி நேரம் பாடம் நடத்தினாரே!” என்றான் கொழுந்தன்.

“பக்கத்து ரூம்ல நான் பல் ராவுற மெஷின் ஓட்டிக்கிட்டு இருப்பேன் தம்பி. அவர் சொன்னது எதுவும் காதுல விழாது. அதனாலதான் முப்பது வருஷம் ஓடிச்சு.” அவர் திடீரென்று நிமிர்ந்தார். “நான்தாம்மா திருடினேன். ஞாயித்துக்கிழமை பின்பக்கமா வந்து எடுத்தேன். என்னைப் போலீஸ்ல குடுத்துடுங்க. டாக்டரை விட்டுடுங்க.”

“டாக்டரை நாங்க ஒண்ணுமே சொல்லலையே,” என்றார் அண்ணி.

கொழுந்தன் மூச்சை உள்ளே இழுத்தான். அந்த மனிதர் தன் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டார்.

அண்ணி எழுந்து கதவருகே போய் ஏலக்காரரைக் கூப்பிட்டார். “எண்பத்தெட்டு உங்ககிட்ட எப்போ வந்துச்சு? ரிஜிஸ்டர்ல இருக்குமே?”

ஏலக்காரர் தடித்த நோட்டைப் புரட்டினார். “போன வாரம் புதன்கிழமை. வியாழக்கிழமை பட்டியல் அச்சுக்குப் போச்சு. அதுக்கு மேல வந்ததை நான் சேக்கறதில்லை.”

“புதன்கிழமை இங்க வந்த மெடலை,” என்று கொழுந்தன் விரல்விட்டு எண்ணினான், “டாக்டர் சனிக்கிழமை வீட்டுல கையில எடுத்துப் பாத்தாராம். ஞாயித்துக்கிழமை அது திருடு போச்சாம். அண்ணி! அப்படின்னா...”

“ஓட்டை இருக்கிறது யாருக்குத் தெரியும் தம்பி? லென்ஸ்லயும் தெரியாத அளவுக்கு அடைச்சவருக்குத்தான். பல்லை அடைக்கிற வெள்ளியை வெச்சு அடைச்சிருக்கார். நமக்கு ஃபீஸ் குடுக்கிற வீட்டுலயே திருடன் இருக்கார். திருடனும் இல்லை, பொருள் அவரோடதுதான்.” அண்ணி பல்செட்காரரிடம் திரும்பினார். “இந்தத் திருட்டுப் பழி அவங்க மாப்பிள்ளை மேல விழுந்திருக்கு. உங்களுக்குத் தெரியுமா?”

“மாப்பிள்ளை மேலயா?” அவர் எழுந்தே விட்டார். “அந்த லிஃப்ட் தம்பி மேலயா? சத்தியமாத் தெரியாதும்மா. ‘வித்துக் குடு, யார்கிட்டயும் மூச்சு விடாதே’ன்னு மட்டும் சொன்னார். அவர் கேட்டா எனக்கு மாட்டேன்னு வராது. ஆனா இது பாவம்மா. பெரிய பாவம்.”

மண்டபத்தில் மணி அடித்தது. ஏலம் மறுபடி தொடங்கப்போகிறது.

“டாக்டர் வீட்டுக்கு வண்டியை விடவா?” என்றான் கொழுந்தன்.

“எதுக்கு? ஆசையா வளத்த பொருள் யார் கைக்குப் போகுதுன்னு பாக்காம அவர் வீட்டுல உக்காந்திருப்பாரா? இங்கதான் எங்கயாவது இருப்பார், தேடுங்க.”

கொழுந்தன் கண்டுபிடித்துவிட்டான். கடைசி வரிசைக்கும் பின்னால், நூற்றுப் பத்தாம் எண் சீட்டு தொங்கிய ஒரு இரட்டைக் கதவு அலமாரியின் மறைவில், தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார், கொழுந்தன் இடப்பக்கம்.

“பல் பிடுங்கறதுக்கு முன்னால நீங்க என்ன சொல்லுவீங்க டாக்டர்?” என்றார் அண்ணி. “வலிக்காதுன்னு. நான் அப்படிப் பொய் சொல்ல மாட்டேன்.”

டாக்டர் முகம் வெளுத்துப்போனது. மேடையில் ஏலக்காரர் ஒரு கடிகாரத்தை விற்று முடித்து, ஒரு கட்டிலுக்குத் தாவினார்.

“அது எனக்குக் கிடைச்சப்பவே ஓட்டை,” என்றார் கடைசியில், குரலே எழும்பாமல். “யாரோ ஒரு புண்ணியவான் சுவத்துல வெச்சு ஆணி அடிச்சிருந்தான். மனசு கேக்கலை. அடைச்சேன். அழகா வந்துடுச்சு. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலை. எல்லாரும் பாராட்டினாங்க. நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“சரி. இப்போ ஏன் விக்கிறீங்க?”

“எங்க சங்கத்துல கண்காட்சி வெக்கிறாங்க. வெளியூர்லேருந்து நிபுணர் ஒருத்தர் திங்கட்கிழமை வீட்டுக்கே வந்து பாக்கறதா இருந்துச்சு. அவர் மெஷின் வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்.” மூன்றாம் வரிசையில், வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருந்த ஒருவரைக் கண்ணால் காட்டினார். “அவர் போஸ்ட்மாஸ்டரா இருந்தவர். ரெண்டு வருஷம் முன்னால, அடைச்ச மெடலைச் சொல்லாம காட்சிக்கு வெச்சார்னு சங்கத்தை விட்டே அனுப்பினோம். அனுப்பின தலைவர் நான்தான். எல்லார் முன்னாலயும் ஒரு மணி நேரம் நேர்மையைப் பத்திப் பேசினேன். பேசும்போது என் மெடல் என் பையில இருந்துச்சு.”

கொழுந்தனுக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனிதரின் கைகள் தொப்பியைப் பிசைவதைப் பார்த்து, வந்ததை விழுங்கிவிட்டான்.

“தொலைஞ்சு போச்சுன்னு மட்டும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். என் சம்சாரம் ‘மாப்பிள்ளைதான் உள்ளே போனார்’னு சொல்லுவான்னு நான் என்ன கனவா கண்டேன்? நான் அவரைத் திருடன்னு சொல்லலைம்மா.”

“இல்லைன்னும் சொல்லலை.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். “என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க ஃபீஸ் என்னவோ அதை நான்...”

“என் கட்சிக்காரர் உங்க சம்சாரம்,” என்றார் அண்ணி. “நீங்க இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்களுக்கு நான் அறிக்கை குடுக்கணும். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா, என் அறிக்கையில ‘வீட்டுக்காரரே சொன்னார்’னு ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரிதான் என்னால பண்ண முடிஞ்ச உதவி.”

“எண்பத்தெட்டு!” என்று ஏலக்காரர் மேடையில் குரல் கொடுத்தார். “வெள்ளி மெடல், ஏழு பட்டை. துளை அடைத்தது. ஆரம்பிக்கலாம்!”

போஸ்ட்மாஸ்டரின் எண் அட்டை உடனே உயர்ந்தது. இடதுபக்கச் சுவரோரமாக இன்னொரு அட்டை உயர்ந்தது. போஸ்ட்மாஸ்டர் மறுபடி. சுவரோரம் மறுபடி. சங்கத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு தாவலில் விலை ஒரு கட்டிலைத் தாண்டியது. நாலாவது தாவலில் ஒரு பியானோவை நெருங்கியது. ஏலக்காரர் குரலில் புது உற்சாகம் ஏறியது.

“யார் அண்ணி அது, சுவத்துப் பக்கம்?” கொழுந்தன் எழுந்து எட்டிப் பார்த்தான். நீலச் சீருடை. மார்பில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் பெயர். கையில் எண் அட்டை, கக்கத்தில் கருவிப் பை. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். முகத்தில் வியர்வை.

டாக்டரும் பார்த்துவிட்டார். “மாப்பிள்ளை,” என்றார். “அவர் எதுக்கு... அவருக்கு இது எதுக்கு?”

மாப்பிள்ளை அட்டையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடி தயங்கி, கண்ணை மூடி, அப்புறம்தான் தூக்கினார். பாழுங்கிணற்றில் குதிக்கிறவர் மாதிரி.

“ஒரு தரம்!” என்றார் ஏலக்காரர், சுவர்ப் பக்கம் சுத்தியலை நீட்டி. “ரெண்டு தரம்!”

“நிறுத்துங்க!”

அலமாரி அதிர்ந்தது. டாக்டர் எழுந்து நின்றிருந்தார். தொப்பி கீழே விழுந்து உருண்டது. மண்டபம் முழுவதும் திரும்பியது.

“அந்த மெடல் என்னோடது,” என்றார். குரல் மேடை வரை கேட்டது. “திருடு போகலை. நானேதான் விக்கக் குடுத்தேன். அந்த ஓட்டையை அடைச்சவனும் நான்தான். சங்கத்துல சொல்லாம மறைச்சேன். தப்பு செஞ்சவர்னு போஸ்ட்மாஸ்டரை அனுப்பினேனே, அதே தப்பை அவருக்கு முன்னாலயே செஞ்சவன் நான்.” அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளை, எல்லாரும் உங்களைப் பாத்தப்போ நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை. என் பேரைக் காப்பாத்திக்க உங்க பேரை விட்டுட்டேன்.”

ஏலக்காரரின் சுத்தியல் பாதியில் நின்றது.

முதலில் பேசியது போஸ்ட்மாஸ்டர். இருக்கையில் முழுதாகத் திரும்பி, டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

“எதை வெச்சு அடைச்சீங்க தலைவரே? காலையில அரை மணி நேரம் லென்ஸ் வெச்சுப் பாத்தேன். தெரியவே இல்லையே!”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் பலர் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளை அட்டையை மெல்ல இறக்கினார். வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து, மாமனார் எதிரில் நின்றார்.

“உங்களோடதா வேறயான்னு எனக்குத் தெரியாது மாமா. பட்டியல்ல ஏழு பட்டைன்னு இருந்துச்சு. வாங்கிக் கொண்டுபோய்த் தட்டுல வெச்சுட்டா, அவ அம்மா வீட்டுக்குப் போவான்னு நினைச்சேன். அஞ்சு நாளா அவ சரியாச் சாப்பிடலை.”

“என்னை மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை.”

“அதை அவகிட்ட சொல்லுங்க. அவளுக்கு முன்னால நான் மன்னிச்சேன்னு வைங்க, அவ என்னை மன்னிக்க மாட்டா.”

“ஐயா, குடும்ப விஷயம் முடிஞ்சுதுன்னா எனக்கு இன்னும் அறுபது அயிட்டம் இருக்கு,” என்றார் ஏலக்காரர். “எண்பத்தெட்டை எடுத்துடலாமா?”

“வேண்டாம்,” என்றார் டாக்டர். “நடக்கட்டும். மாப்பிள்ளை கேட்டதை மட்டும் தள்ளிடுங்க. குறை இன்னதுன்னு தெரிஞ்சு வாங்குறவர் வாங்கட்டும்.”

போஸ்ட்மாஸ்டர் அட்டையைத் தூக்கினார். சுத்தியல் விழுந்தது.

வேனில் நால்வர் போனார்கள். முன்னால் அண்ணியும் கொழுந்தனும். பின்னால், குழந்தைகளுக்காகப் போட்ட குட்டையான பெஞ்சில் முழங்கால் முகத்தில் இடிக்க, மாமனாரும் மாப்பிள்ளையும். வழியில் டாக்டர் தன் மனைவிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. டாக்டர் பதினோரு தடவை ‘ஆமா’ என்றதைக் கொழுந்தன் எண்ணினான்.

மகள் வீடு ஒரு தெருக்கோடியில் இருந்தது. மாப்பிள்ளை இறங்கவில்லை. “நீங்க போங்க மாமா, நான் அப்புறம் வரேன்,” என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். டாக்டர் தனியாகப் படியேறிப் போய் மணியை அடித்தார்.

கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. உள்ளே சங்கிலி மாட்டியிருந்தது. அந்த இடுக்கில் மகளின் பாதி முகம் தெரிந்தது. டாக்டர் பேசினார். கைகளைக் கட்டிக்கொண்டு பேசினார், அப்புறம் கட்டை அவிழ்த்துப் பேசினார். இங்கிருந்து ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவள் நடுவில் ஒன்றும் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. அவர் பேசி முடித்து நின்றார்.

கதவு சாத்தப்பட்டது.

“போச்சு அண்ணி,” என்று கொழுந்தன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். பின்னால் மாப்பிள்ளை கருவிப் பையை மடியோடு இறுக்கிக்கொண்டார்.

“அவசரப்படாதீங்க தம்பி,” என்றார் அண்ணி. “சாத்தாம எப்படிச் சங்கிலியைக் கழட்டுவா?”

கதவு முழுதாகத் திறந்தது.